வாசகர் கேள்விகள்: கல்லில் எழுத்து

(வேலூரில் 31 ஆண்டுகள் கல்லில் எழுத்து வெட்டி ஓய்வு பெற்றவர் இம்முறை பதில் சொல்கிறார்.)

கேள்வி: ஐயா, ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் அப்பா கடந்த பிப்ரவரியில் காலமானார். எங்கள் பங்கு ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்குள் கல் வைத்துவிட வேண்டும் என்கிறார் பெரிய அண்ணன். அவருக்கு வெள்ளைப் பளிங்குதான் வேண்டும். சின்ன அண்ணன் கறுப்புக் கிரானைட்டில் அப்பாவின் படத்தோடு கேட்கிறார். அம்மாவுக்கும் பாதி இடம் விட்டு வெட்டலாம் என்று ஒரு பேச்சு. அம்மா வாய் திறக்கவில்லை. என்ன செய்வது?
– வாசகி, காட்பாடி

பதில்: அவசரத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அம்மா. அக்டோபர் பிறந்தால் பட்டறை வாசலில் கூட்டம் நிற்கும். எல்லோருக்கும் நவம்பர் 2-க்குள் வேண்டும். என் கை செய்த பிழைகளில் பெரும்பாலானவை அந்த அக்டோபர்களில் செய்தவைதான்.

பிப்ரவரியில் தோண்டி மூடிய குழி இன்னும் ஒரு வடகிழக்குப் பருவமழையைப் பார்க்கவில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை இறங்கும்போது அந்த மண்ணும் கூடவே இறங்கும். ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டு அங்குலக் கனமுள்ள கறுப்புக் கிரானைட் பலகை 200 கிலோவுக்கு மேல் எடை வரும். இறங்குகிற மண்ணில் அதை உட்காரவைத்தால் ஒரு மூலை தாழ்ந்து, பிறகு விரிசல் விடும். இந்த நவம்பருக்கு மண்ணை மேடு கட்டி, செங்கல் வரம்பு வைத்து, சுண்ணாம்பு அடித்து, மரச்சிலுவை நட்டுப் பூ வையுங்கள். கல்லை அடுத்த உயிர்ப்புப் பெருவிழாவை (ஈஸ்டரை) ஒட்டி வைத்துக்கொள்ளலாம். அப்போதும் பாரம் குழியின் மேல் உட்காரக் கூடாது. தலைமாட்டிலும் கால்மாட்டிலும் தோண்டாத கெட்டி மண்ணில் காங்கிரீட் போட்டு, பலகையை அதன் மேல் தாங்கவிடச் சொல்லுங்கள். அதற்கு முன்பே பங்குத்தந்தையிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். உயரம், அகலத்துக்குச் சில பங்குகளில் கட்டுப்பாடு உண்டு. கல் வந்து இறங்கிய பிறகு அதை அறிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அண்ணன்மார் சண்டைக்கு வருவோம். பளிங்கு சுண்ணாம்புக் குடும்பத்துக் கல். ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள், அந்த இடத்தில் மெருகு போய்விடும். மழையும் மெல்ல அரிக்கும், மெழுகுவர்த்தியின் மெழுகையும் எண்ணெயையும் குடித்துக்கொள்ளும். கூரையின் கீழ் அழகு, வெட்டவெளியில் அவ்வளவு இல்லை. கிரானைட்டுக்கு அந்தக் கவலை கிடையாது. நம் கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களில் 16ஆம் நூற்றாண்டுக் குதிரைகள் இன்றும் பல்லைக் காட்டிக்கொண்டுதான் நிற்கின்றன. ஆனால் கறுப்பு என்று சொல்லிச் சாம்பல் நிறக் கல்லில் சாயம் ஏற்றி விற்பதும் நடக்கிறது. நகப்பூச்சை அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டு, கல்லின் ஓரத்தில் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். பஞ்சு கறுத்தால் வேறு கடைக்குப் போங்கள். படம் வேண்டுமென்றால் சின்ன அண்ணன் கேட்பது சரி. லேசரில் செதுக்கும் முகம் கறுப்புக் கல்லில்தான் எடுப்பாகத் தெரியும். சித்திரை வெயிலில் அந்தக் கல்லில் கை வைக்க முடியாது என்பதையும் அவரிடம் சொல்லிவையுங்கள்.

கல்லைப் பற்றி இவ்வளவு போதும். உங்கள் வீட்டில் எல்லோரும் கல்லைப் பற்றியே பேசியிருக்கிறீர்கள். அதில் என்ன எழுதப்போகிறீர்கள் என்று கடிதத்தில் ஒரு வரி கூட இல்லையே!

எங்கள் வீட்டுப் பின்கட்டில் துணி துவைக்கிற கல் ஒன்று உண்டு. என் மனைவி இருபது ஆண்டுகளுக்கு மேல் அதில்தான் துவைத்தார். அதன் அடிப்பக்கத்தில், மண்ணைப் பார்த்தபடி, முன்பின் தெரியாத ஒரு தாயாரின் தோற்றமும் மறைவும் இருக்கின்றன. அதுவும் ஓர் அக்டோபர். வந்தவர் கொடுத்த தாளில் ‘கருனை’ என்று இருந்தது. நான் இருந்ததை இருந்தபடி வெட்டினேன். தமிழ் படித்தவன்தான், ஆனாலும் உளி பிடித்தவனுக்கு எழுத்து படமாகத்தான் தெரியும், சொல்லாகத் தெரியாது. கல்லை ஏற்ற வண்டி வந்து நின்றபோது, அந்த அம்மாளின் பேத்தி, ஆறாம் வகுப்புப் பிள்ளை, விரலை வைத்துப் படித்துவிட்டு, “மூணு சுழி ண போடணும் தாத்தா” என்றாள். கல்லில் அடித்துத் திருத்த இடம் ஏது? இரண்டு இரவு கண் விழித்து வேறு கல் வெட்டிக் கொடுத்தேன்.

இப்போது கணினியில் அச்சுக் கோத்து, ஒட்டுத்தாள் வெட்டி, மணல் பீய்ச்சி எழுத்தைக் குடைகிறார்கள். வேகம் கூடியிருக்கிறது, பிழை குறையவில்லை. எழுத்துரு மாறினால் கொம்பு இடம் மாறும், புள்ளி பறந்துவிடும். அதனால் கல்லின் முழு அளவில் ஒரு தாளில் அச்செடுத்துத் தரச் சொல்லுங்கள். அதைச் சுவரில் ஒட்டி ஒரு வாரம் வையுங்கள். குடும்பத்துக்கு வெளியே ஒருவர், முடிந்தால் பள்ளிக்கூடப் பிள்ளை, சத்தம் போட்டுப் படிக்கட்டும். அதன் பிறகு தாளில் கையெழுத்திடுங்கள். கையெழுத்திட்ட தாளின் நகல் ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும். பாக்கிப் பணத்தைக் கல்லைப் படித்துப் பார்த்த பிறகு கொடுங்கள்.

தேதியில் இன்னொரு வம்பு உண்டு. அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்த்த தலைமையாசிரியர் போட்ட பிறந்த தேதி ஒன்று, பாட்டி சொல்லும் தேதி ஒன்று. பணிப் பதிவேட்டில் இருப்பது பெரும்பாலும் தலைமையாசிரியர் பெற்ற பிள்ளைதான். உறுதி இல்லையென்றால் ஆண்டை மட்டும் போடுங்கள். வேத வசனம் வெட்டுவதாக இருந்தால் உங்கள் ஆலயத்தில் வாசிக்கும் விவிலியத்தைப் பார்த்து எழுதுங்கள். ‘ஆண்டவரே என் ஆயர்’ என்பது கத்தோலிக்கர்களான உங்களுடையது. ‘கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்’ என்பது பக்கத்துச் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையாருடையது. கடைக்காரர் தன்னிடம் ஏற்கெனவே இருப்பதைப் போட்டுவிடுவார். கீழே பிள்ளைகள் பெயர் போட்டால் உங்கள் பெயரும் வர வேண்டும். மகன்கள் பெயரை மட்டும் கொண்டு வருகிறவர்களிடம், “மகளே இல்லையா?” என்று கேட்பது என் வழக்கம். பாதிப் பேர் தலையைச் சொறிவார்கள்.

அந்தப் பாதி இடம். அதை உங்கள் தாயாரிடம் நீங்கள் தனியாகக் கேளுங்கள், அண்ணன்மாரை அழைத்துப் போகாதீர்கள். கணவர் பெயருக்குப் பக்கத்தில் தன் இடம் காலியாக இருப்பதைப் பார்த்து ஆறுதல் கொண்ட அம்மாக்களும் உண்டு. அந்த வெற்றிடத்தைப் பார்க்க மனமில்லாமல் கல்லறைக்குப் போவதையே நிறுத்திவிட்ட ஒருவரும் எனக்குத் தெரியும்.

கேள்வி: என் தகப்பனார் கப்ரில் (அடக்கம் செய்த இடத்தில்) சிறிய மீசான் கல் (அடையாளக் கல்) மட்டும் நட இருக்கிறோம். சாயாமல் நிற்க எவ்வளவு ஆழம் வேண்டும்? அரபியில் பெயர் வெட்டலாமா?
– வாசகர், மேல்விஷாரம்

பதில்: மூன்றடிக் கல் என்றால் ஓரடி மண்ணுக்குள் போக வேண்டும். சுற்றிலும் ஜல்லி போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு இடித்துக் கெட்டிப்படுத்துங்கள். பெயர் வெட்டலாமா என்பதை உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேளுங்கள், அது என் வேலை அல்ல. வெட்டுவதாக முடிவானால், அரபி அறிந்தவர் கையால் எழுதிக் கொடுத்து, வெட்டி முடிக்கும் வரை பக்கத்தில் நிற்கட்டும். அங்கும் ஒரு புள்ளி கூடினால், குறைந்தால் வேறு எழுத்து.

கேள்வி: எங்கள் நிலத்தில் வில்லேந்திய வீரன் உருவமுள்ள பழைய கல் இருக்கிறது. வேடியப்பன் என்று பொங்கல் வைக்கிறோம். அதற்கு மெருகு போட்டு வண்ணம் அடித்து, பக்கத்தில் என் பாட்டனாருக்கும் ஒரு கல் நட ஆசை. அவர் ஆடு மேய்த்தவர், பட்டம் பதவி எதுவும் இல்லை. என்ன எழுதுவது?
– வாசகர், செங்கம்

பதில்: பழைய கல்லின் மேல் உளியும் வேண்டாம், வண்ணமும் வேண்டாம், அமிலம் ஊற்றிக் கழுவவும் வேண்டாம். அது நடுகல்லாக இருக்கலாம். மேலே மங்கலாக எழுத்து இருந்தால் ஒரு மெருகில் போய்விடும். தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். பொங்கல் வழக்கம்போல் நடக்கட்டும்.

உங்கள் பக்கத்து எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று கிடைத்தது. எருமைகளைக் காக்கும் சண்டையில் இறந்தவனுக்கு நட்ட கல். அவன் பக்கத்தில் ஒரு நாயும் நிற்கிறது. கோவிவன் என்று அதன் பெயரையும், இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்பதையும் வெட்டிவைத்திருக்கிறார்கள். 7ஆம் நூற்றாண்டில் நாய்க்குக் கிடைத்த வரி உங்கள் பாட்டனாருக்குக் கிடைக்காதா? எந்த மலையில் மேய்த்தார், எத்தனை ஆடு, அவர் கூப்பிட்டால் எந்த ஆடு திரும்பிப் பார்க்கும் என்று வீட்டில் கேட்டு, ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்புங்கள். ண, ன பார்த்துத் திருப்பி அனுப்புகிறேன்.