கையில் பவுண்டு இல்லாமல் கிளம்பலாமா?

கேள்வி: எங்கள் மகள் லண்டனில் மேல்படிப்பு முடித்திருக்கிறாள். பட்டமளிப்பு விழாவுக்கு நானும் கணவரும் அடுத்த மாதம் புறப்படுகிறோம். விசா, டிக்கெட் எல்லாம் தயார். ஆனால் இங்கே அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு. வங்கிக்குப் போனால், "பவுண்டும் இல்லை, டாலரும் இல்லை, அடுத்த வாரம் வாருங்கள்" என்கிறார்கள். வெளியில் ஒருவர் மிக அதிக விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். உறவினர் ஒருவரிடம் பழைய பவுண்டு நோட்டுகள் கொஞ்சம் இருக்கின்றன. வாங்கிக்கொள்ளலாமா? கணவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. வெறுங்கையோடு போகப் பயமாக இருக்கிறது.
- ஒரு வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி, மகள் பட்டம் வாங்குவதைப் பார்க்கப் போகிற நேரத்தில் இந்தக் கவலை வந்திருக்க வேண்டாம். ஆனால் நீங்கள் நினைக்கிற அளவுக்கு நோட்டு உங்களுக்குத் தேவைப்படாது.

முதலில் வங்கியில் ஒன்றைத் தெளிவாகக் கேளுங்கள்: அவர்களிடம் நோட்டுதான் இல்லையா, அந்நியச் செலாவணியே இல்லையா? இரண்டும் வேறு வேறு. வெளிநாட்டு நோட்டுகளை வங்கி வெளியிலிருந்து தருவிக்க வேண்டும், அதற்குச் செலவும் நாளும் ஆகும். அதனால் கணக்கில் டாலர் இருந்தும் கவுன்ட்டரில் நோட்டு இல்லாமல் போவது சாதாரணம். நோட்டு மட்டும்தான் இல்லை என்றால், பயண அட்டையில் பணம் ஏற்றித் தர முடியுமா, உங்கள் டெபிட், கிரெடிட் அட்டைகளுக்கு வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிட முடியுமா, உச்சவரம்பு எவ்வளவு என்று கேளுங்கள். செலாவணியே இல்லை என்றால் வரிசையில் இடம்பிடிக்க வேண்டியதுதான். பாஸ்போர்ட், விசா, டிக்கெட் நகல்களோடு எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். வாய்மொழியாகக் கேட்பவரை "அடுத்த வாரம் வாருங்கள்" என்று திருப்பி அனுப்புவது எளிது. பயணிகளுக்கான ஒதுக்கீடு பொதுவாக ஆளுக்கு இவ்வளவு என்றுதான் இருக்கும். ஆகவே உங்கள் பெயரில் ஒன்று, கணவர் பெயரில் ஒன்று என இரண்டு விண்ணப்பம் போடுங்கள். பவுண்டு கிடைக்காவிட்டால் யூரோவோ டாலரோ வாங்கிக்கொள்ளலாம். அங்கே போய் மாற்றும்போது இன்னொரு முறை நஷ்டம் வரும், ஆனாலும் தெருவில் கொடுப்பதைவிடக் குறைவாகவே இருக்கும்.

அந்த வெளி ஆளிடம் வாங்க வேண்டாம். அவசரத்தில் எத்தனையோ நல்லவர்கள் அப்படி வாங்குகிறார்கள், அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கள்ள நோட்டு கைக்கு வந்தால் யாரிடம் போய் முறையிடுவீர்கள்? ரசீது கிடையாது. விமான நிலையத்தில் பணம் எங்கே வாங்கியது என்று கேட்டால் காட்ட ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது. கட்டுக்கட்டாகப் பணத்தோடு முன்பின் தெரியாதவரைச் சந்திக்கப் போவதே ஆபத்து. "இங்கே எங்கள் ஆளிடம் கொடுங்கள், அங்கே உங்கள் மகள் கையில் பவுண்டாகக் கிடைக்கும்" என்று யாராவது சொன்னாலும் ஒதுங்கிவிடுங்கள். அது உண்டியல், ஹவாலா வழி. பல நாடுகளில் சட்டப்படி குற்றம். மாணவியாக இருந்துவிட்டு அங்கே வேலை தேடப்போகும் பெண்ணின் கணக்கில் எங்கிருந்து வந்தது என்று தெரியாத பணம் விழுவது அவளுக்கும் நல்லதல்ல.

உறவினரின் நோட்டுகளை எடுத்துப் பாருங்கள். காகித நோட்டா, பிளாஸ்டிக் போல வழவழப்பாக இருக்கிறதா? அந்நாட்டு மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கியின் (பேங்க் ஆஃப் இங்கிலாந்து) காகித நோட்டுகள் எதுவும் இப்போது கடைகளில் செல்லாது. 5 பவுண்டு 2017இலும், 10 பவுண்டு 2018இலும், 20, 50 பவுண்டு 2022 செப்டம்பர் 30ஆம் தேதியோடும் புழக்கத்திலிருந்து போய்விட்டன. பழைய வட்டமான ஒரு பவுண்டு நாணயமும் 2017இலேயே போயிற்று. அந்தக் காகித நோட்டுகளை இங்கிலாந்து வங்கி எப்போது வேண்டுமானாலும் மாற்றித் தரும், ஆனால் போய் இறங்கிய அன்று அது உதவாது. வழவழப்பான நோட்டு என்றால் ராணி படம் போட்டதும் செல்லும், மன்னர் படம் போட்டதும் செல்லும். உறவினரிடமிருந்து பெறுவதற்கும் உங்கள் நாட்டில் விதி இருக்கலாம், வங்கியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

லண்டனில் நோட்டு எதற்கு வேண்டும் என்று யோசியுங்கள். அங்கே பேருந்தில் 2014 ஜூலையிலிருந்து ரொக்கமே வாங்குவதில்லை. வங்கி அட்டையைத் தொட்டுவிட்டு ஏற வேண்டியதுதான், வெளிநாட்டு அட்டைகளும் பெரும்பாலும் செல்லும். ஒரே அட்டையை இருவருக்கும் தொட முடியாது, ஆளுக்கொன்று வேண்டும். தங்கும் அறைக்கும் ஊருக்குள் போகும் ரயிலுக்கும் இங்கிருந்தே இணையத்தில் கட்டிவிட்டால் பெரிய செலவுகள் தீர்ந்தன. அப்புறம் மிஞ்சுவது முதல் இரண்டு மூன்று நாள் கைச்செலவு. அதற்கு 10, 20 பவுண்டு நோட்டுகளாகக் கேளுங்கள், 50 பவுண்டைச் சின்னக் கடைகள் வாங்கத் தயங்கும்.

அட்டையை நம்பிப் போகிறவர்கள் ஒரே வங்கியின் அட்டையை மட்டும் நம்பக்கூடாது. 2023 அக்டோபரில் எகிப்தின் வங்கிகள், உள்நாட்டுப் பணக் கணக்கின் டெபிட் அட்டைகளை வெளிநாட்டில் பயன்படுத்துவதை நிறுத்திவைத்தன. தட்டுப்பாட்டுக் காலத்தில் இப்படித் திடீர் உத்தரவு வரும். இரண்டு வங்கிகளின் அட்டை, கொஞ்சம் ரொக்கம் என்று பிரித்து வையுங்கள். அங்கே இயந்திரம் "உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிப் பவுண்டையே தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் மாற்று விகிதத்தில் நன்றாகவே பிடித்துவிடுவார்கள். கிரெடிட் அட்டையில் ரொக்கம் எடுத்தால் பொதுவாக அன்றிலிருந்தே வட்டி ஓடும், அதை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையில் எனக்குக் கவலை உங்கள் கணவரைப் பற்றித்தான். வெளிநாட்டில் எதிர்பாராமல் பெருந்தொகை வேண்டியிருப்பது மருத்துவமனைக்குத்தான், அதை எந்த நோட்டுக் கட்டாலும் சமாளிக்க முடியாது. பயணக் காப்பீட்டுக்குப் பிரீமியத்தை உள்நாட்டுப் பணத்திலேயே கட்டலாம். சர்க்கரை நோயை மறைக்காமல் எழுதி, அதற்கான சிகிச்சையும் அடங்குமா என்று பாலிசியில் பார்த்து எடுங்கள். திரும்பி வரும் நாளுக்கு மேல் சில நாளுக்கும் சேர்த்து மருந்தை இங்கேயே வாங்கி, மருத்துவர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். மகளிடம் இப்போதே பேசுங்கள். நீங்கள் தங்கியிருக்கும்போது வீட்டுச் செலவை அவள் பார்த்துக்கொண்டால் யாருக்கும் சங்கடமில்லை. பெற்றவர்கள் கேட்கத் தயங்குவார்கள், பிள்ளைகளோ கேட்டால் சந்தோஷப்படுவார்கள்.