லேப்டாப்பில் ஒன்று, குடோனில் ஒன்று வேண்டாம்

கேள்வி: நானும் நண்பனும் கம்பத்தில் ஏலக்காய் வியாபாரிகளுக்காக கொள்முதல், இருப்பு, பில் மூன்றையும் பார்க்கிற சாஃப்ட்வேர் எழுதுகிறோம். முதல் வாடிக்கையாளருக்கு கம்பத்தில் அலுவலகம், மலைமேல் கேரளப் பக்கம் குமுளியிலும் வண்டன்மேட்டிலும் குடோன். மழைக்காலத்தில் மேலே நெட் நிற்பதில்லை, அதனால் ஒவ்வொரு இடத்திலும் அங்கேயே டேட்டாபேஸ் வேண்டும் என்கிறார். இப்போதைக்கு லேப்டாப்பில், ஒரே ஃபைலில் அடங்கிவிடுகிற எஸ்க்யூலைட் டேட்டாபேஸில் எழுதிவிட்டு, கொடுக்கும்போது பல பேர் சேர்ந்து பயன்படுத்துகிற போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்கு மாற்றிக்கொள்ளலாமா? தேனியில் ஒருவர் மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸான எஸ்க்யூஎல் சர்வர் 'ஃபுல் வெர்ஷன்' 12,000 ரூபாய்க்குப் போட்டுத் தருவதாகவும் சொல்கிறார்.

பதில்: வேண்டாம் தம்பி. கொடுக்கப்போவது போஸ்ட்கிரெஸ் என்றால் இன்றைக்கே லேப்டாப்பிலும் அதையே போடுங்கள், அதே பதிப்பு எண்ணோடு. இலவசம்தான், உங்கள் சாஃப்ட்வேரோடு சேர்த்து விற்றாலும் யாருக்கும் ஒரு பைசா தர வேண்டியதில்லை.

இரண்டும் டேட்டாபேஸ்களுக்கான எஸ்க்யூஎல் மொழிதானே பேசுகிறது என்று தோன்றும். ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். 0.1, 0.2 இரண்டையும் கூட்டினால் 0.3-க்குச் சமமா என்று இரண்டிடமும் கேளுங்கள். போஸ்ட்கிரெஸ் ஆமாம் என்கும், எஸ்க்யூலைட் இல்லை என்கும். எஸ்க்யூலைட்டில் தசம எண்ணுக்கென்று தனி வகை கிடையாது, நீங்கள் டெசிமல் என்று எழுதினாலும் உள்ளே தோராயமாகத்தான் வைத்துக்கொள்ளும். 48.350 கிலோவை நாலு இலக்க விலையால் பெருக்கி ஆயிரம் மூட்டைக்குக் கணக்குப் போடும்போது ஏதோ ஒரு மூட்டையில் பைசா இடறும், அதைப் பிடித்துக்கொண்டு கணக்குப்பிள்ளை உங்களை மூன்று நாள் உட்காரவைப்பார். இன்னொன்று, எடை என்று சொன்ன கட்டத்தில் 'நாளைக்குச் சொல்கிறேன்' என்று எழுதினாலும் எஸ்க்யூலைட் சும்மா வாங்கிக்கொள்ளும். லேப்டாப்பில் மாசக்கணக்கில் ஓடியது குடோனில் முதல் நாளே முரண்டு பிடிப்பது இதனால்தான்.

சரி, அந்தத் தேனிக்காரர் விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு வயிற்றெரிச்சலே அங்கேதான். எஸ்க்யூஎல் சர்வரில் டெவலப்பர் எடிஷன் என்று ஒன்று இருக்கிறது. எல்லா வசதியும் உண்டு, மைக்ரோசாஃப்டே இலவசமாகத் தருகிறது, ஆனால் எழுதிப் பார்க்கவும் சோதிக்கவும் மட்டும்தான். வியாபாரம் நடக்கிற இடத்தில் ஓட்டக்கூடாது. அதை இறக்கி, வாடிக்கையாளரின் கம்ப்யூட்டரில் ஏற்றி, 'ஃபுல் வெர்ஷன்' என்று காசு வாங்குகிறவர்களை செங்கோட்டையிலிருந்து வாளையார் வரை பார்த்துவிட்டேன். கண்டுபிடிப்பது சுலபம், சர்வரிடம் வெர்ஷன் கேட்டால் கடைசி வரியில் எடிஷன் பெயரை அதுவே சொல்லிவிடும். லைசென்ஸ் கம்பெனியிலிருந்து ஆள் வந்தால் மாட்டுவது முதலாளி, அவர் கழுத்தைப் பிடிப்பது உங்களை. ஒப்பந்தத்தை மனுஷன் படிக்கிற பாஷையில் எழுதியிருந்தால் இந்தத் தரகர்களுக்கு வேலையே இருக்காது.

எஸ்க்யூஎல் சர்வர்தான் என்று முதலாளி பிடிவாதம் பிடித்தால் இலவச எக்ஸ்பிரஸ் எடிஷன் போதும். 2022 பதிப்பு வரை ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபி எல்லை, ஏலக்காய்க் கடைக்கு அது தாராளம். ஆனால் பெயர்க் கட்டங்களை என்வார்கேர் என்று, அதாவது எந்த மொழி எழுத்தையும் தாங்குகிற வகையாக, வையுங்கள். வெறும் வார்கேரில் 'செல்லையா' என்று சேமித்தால் திரும்ப எடுக்கும்போது எட்டுக் கேள்விக்குறிதான் வரும், பெயர் போனது போனதுதான். மலையாளப் பெயருக்கும் அதே கதி.

எஸ்க்யூலைட் கெட்டது என்று நான் சொல்லவில்லை. அதற்கு ஒரு இடம் இருக்கிறது. தராசுப் பக்கத்தில் ஒரு பையன் போனில் எடை போட்டுக்கொண்டே போகிறான் என்றால் அந்தப் போனுக்குள் எஸ்க்யூலைட்தான் சரி, அதைவிட நல்லது எதுவும் எனக்குத் தெரியாது. ஒரே கருவி, ஒரே ஆப், ஒரு நேரத்தில் எழுதுவது ஒரே ஆள். இந்த மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும். எடையைக் கிலோவில் வைக்காமல் கிராமில் முழு எண்ணாக வையுங்கள், 48.350 கிலோ என்பது 48350. பணத்தைப் பைசாவில் வையுங்கள். அப்போது மேலே சொன்ன தோராயக் கோளாறு வராது. ஆனால் அந்த ஃபைலை ஷேர்டு ஃபோல்டரில் வைத்து இரண்டாவது கம்ப்யூட்டரிலிருந்து திறந்த நிமிஷமே கதை மாறிவிடும். புளியரைப் பக்கம் ஒரு மர டிப்போவில் நானே அப்படித்தான் செய்தேன், மூன்று கம்ப்யூட்டர், நடுவில் ஒரு ஃபோல்டர். நாலாம் நாள் காலையில் 'டிஸ்க் இமேஜ் இஸ் மால்ஃபார்ம்டு', அதாவது ஃபைல் கெட்டுப்போய்விட்டது என்று திரையில் வந்து நின்றது. முந்தின ராத்திரி பேக்கப்பை வைத்துத் தப்பித்தேன், அன்றைக்கு வந்த லோடுகளை மட்டும் ரசீதைப் பார்த்துத் திரும்ப அடித்தோம்.

அப்புறம் நீங்கள் கேட்காத ஒன்று. கேரள ஜிஎஸ்டி எண் 32-இல் தொடங்கும், நம்முடையது 33-இல். வண்டன்மேட்டிலிருந்து கம்பத்துக்குச் சரக்கு இறக்கினால் முதலாளி ஒருவரேயானாலும் சட்டத்துக்கு அது இரண்டு பேருக்கு நடுவில் நடக்கிற வியாபாரம், பில்லும் வரியும் உண்டு. ஒரே மூட்டை, மலை இறங்கினால் வேறு ஆளுடையது! இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்தப் பதில் முடியாது. உங்களுக்கு உறைக்க வேண்டியது, குமுளியும் வண்டன்மேடும் ஒரே 32 எண்ணில் இருக்கும். நெட் இல்லாதபோது இரண்டு இடத்திலும் 101-ஆம் பில் விழும். ஆகவே கே, வி என்று இடத்துக்கு ஒரு முன்னெழுத்து வைத்துத் தனி வரிசை ஓட்டுங்கள், பில் நம்பர் மொத்தம் 16 எழுத்துக்கு மேல் போகக்கூடாது.

இதெல்லாம் இருக்கட்டும், முதலில் வண்டன்மேட்டுக்கு ஒரு நடை போய் அங்கே இருக்கும் கம்ப்யூட்டரைப் பாருங்கள். 32 பிட் விண்டோஸ் என்றால் இப்போதைய போஸ்ட்கிரெஸ் அதில் ஏறாது. அந்த 12,000 ரூபாயோடு இன்னும் கொஞ்சம் போட்டு நல்ல செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டரும் ஒரு யூபிஎஸ்ஸும் வாங்கச் சொல்லுங்கள்.