பாகவதருக்கு ஜோடியாக நடித்த பெரியாச்சியைத் தேடுவது எப்படி?

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். சுருக்கித் தருகிறேன்: 'அண்ணாச்சி, எங்க ஆச்சியின் அக்கா அந்தக் காலத்து டாக்கிப் படங்களில் நடித்தவர். பெரியாச்சி என்போம். அவரைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பாகவதருக்கு ஜோடியாக நடித்தார் என்று மாமா மட்டும் அடித்துச் சொல்கிறார். போன மாதம் பரணை ஒழித்தபோது ஒரு தகரப்பெட்டியில் அட்டை போன பாட்டுப் புத்தகம் ஒன்று, கிராமபோன் பிளேட் இரண்டு, பாதி கத்தரித்த போட்டோ ஒன்று கிடைத்தன. அவர் நடித்தது நிஜந்தானா, எந்தப் படம் என்று எப்படிக் கண்டுபிடிக்க? பிளேட்டைக் கழுவலாமா? விக்கிப்பீடியாவில் அவருக்கு ஒரு பக்கம் போடலாமா?'

தங்கச்சி, முதல் காரியம், படத்தைத் தேடி அலையாதீர்கள். 1930-களில் வந்த தமிழ்ப் படங்களில் பிரிண்டோடு மிஞ்சியவை வெகு சொற்பம். 1931-ல் வந்த முதல் பேசும் படமான காளிதாஸுக்கே பிரிண்ட் கிடையாது. அந்த ஃபிலிம் சட்டென்று தீப்பிடிக்கும், வெயிலில் நைந்து போகும், போதாக்குறைக்கு அதிலிருந்த வெள்ளிக்காக உருக்கி விற்றவர்களும் உண்டு. யூடியூபில் தேடி ஒன்றும் வரவில்லை, அதனால் அவர் நடிக்கவே இல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். அந்தக் காலத்து நடிகையைக் காகிதத்திலும் பிளேட்டிலும்தான் பிடிக்க முடியும், உங்கள் பெட்டியில் இரண்டுமே இருக்கிறது.

மாமா சொல்வதைச் சோதிப்பது ரொம்பச் சுலபம். எம்.கே. தியாகராஜ பாகவதர் நடித்தது மொத்தம் பதினாலே படம், அவற்றின் கதாநாயகிகள் யார் யார் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம், அதில் உங்கள் பெரியாச்சி பெயர் இல்லை. அதற்காக மாமா பொய் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சினிமாவுக்கு முன்னால் பாகவதர் ஸ்பெஷல் நாடகக்காரர். ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட்டுக்கு, அதாவது நாயகன் வேஷத்துக்கு, ஒரு ஊர் ஆள், ஸ்திரீபார்ட் என்ற நாயகி வேஷத்துக்கு வேறு ஊர் ஆள் என்று தனித்தனியாக முன்பணம் கொடுத்துக் கூப்பிடுவார்கள், அன்றைக்கு ராத்திரி மேடையில்தான் இரண்டு பேரும் சந்திப்பார்கள், மறுநாள் ஜோடி மாறிவிடும். பெரியாச்சி அவருக்கு ஜோடியாக மேடையில் பாடியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. வீட்டுப் பெரியவர்கள் நாடகத்தையும் டாக்கியையும் ஒன்றாகக் குழப்பித்தான் பேசுவார்கள். ஆகவே பெட்டியில் நாடக நோட்டீஸ் ஏதாவது கிடக்கிறதா என்று இன்னொரு தடவை பாருங்கள். ரோஸ் கலரில், மஞ்சள் கலரில், தொட்டால் பொடிந்துவிடுகிற காகிதமாக இருக்கும். பெட்டிக்கு அடியில் விரித்துப் போட்டிருக்கிற தாளையும் விடாதீர்கள்.

அடுத்தது இனிஷியல். நான் சொல்வதில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. அன்றைய நடிகைகளின் முதல் எழுத்து பெரும்பாலும் ஊர், இரண்டாவது எழுத்து அப்பாவாகவும் இருக்கலாம், அம்மாவாகவும் இருக்கலாம். டி.பி. ராஜலட்சுமிக்குத் திருவையாறு, அப்பா பஞ்சாபகேசன். கே.பி. சுந்தராம்பாளுக்குக் கொடுமுடி, அம்மா பாலாம்பாள். எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு மதுரை, அம்மா சண்முகவடிவு. நீங்கள் கடிதத்தில் பெரியாச்சியின் தாத்தா பெயரை இனிஷியலாகப் போட்டுத் தேடியதாக எழுதியிருக்கிறீர்கள், அது கதைக்கு ஆகாது. ஊர் எழுத்து, அப்புறம் அம்மா எழுத்து, அப்பா எழுத்து என்று எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். பெயருக்கு முன்னால் ஸ்ரீமதி, மிஸ், குமாரி என்று என்ன வேண்டுமானாலும் ஒட்டிக்கொண்டிருக்கும், அதை வைத்துக் கல்யாணம் ஆனவரா இல்லையா என்று கணக்குப் போட வேண்டாம்.

இதற்கு நம்ம பக்கத்து ஆளையே உதாரணம் சொல்லலாம். எஸ்.டி. சுப்புலட்சுமி, ஸ்ரீவைகுண்டத்துக்காரர், அப்பா துரைசாமி. அந்த ஊர் அன்றைக்குத் திருநெல்வேலி ஜில்லா, 1986-க்குப் பிறகுதான் தூத்துக்குடி மாவட்டம். பழைய பத்திரிகையில் தேடும்போது ஜில்லா பெயரை இப்படிப் பின்னோக்கி மாற்றிக்கொள்ளத் தெரிய வேண்டும். செங்கோட்டை என்றால் இன்னும் வேடிக்கை, 1956 வரைக்கும் அது திருவிதாங்கூர் சீமை. சரி, சுப்புலட்சுமிக்கு வருவோம். மேடையில் பாகவதரோடு பவளக்கொடி நாடகம் போட்டுக்கொண்டிருந்தவர், 1934-ல் அதே பவளக்கொடி படமானபோது பாகவதருக்கும் அதுதான் முதல் படம், டைரக்டர் கே. சுப்ரமணியத்துக்கும் அதுதான் முதல் படம். பிற்பாடு சுப்ரமணியத்தையே கல்யாணம் செய்துகொண்டார். 1939-ல் தியாகபூமி. புருஷனால் கைவிடப்பட்ட பெண் பணக்காரியாகத் திரும்பி வந்து, சேர்ந்து வாழச் சொல்லி வழக்குப் போட்ட புருஷனுக்குத் தானே ஜீவனாம்சம் தருகிறேன் என்று கோர்ட்டில் சொல்லும் வேஷம். 1939-ல் இதைத் திரையில் பார்த்த சனம் என்ன பேசியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கல்கியின் கதை அது, விகடனில் தொடராக வந்தபோது படத்தின் ஸ்டில்களையே சித்திரமாகப் போட்டார்கள். மறுவருஷம் வெள்ளைக்காரச் சர்க்கார் படத்தைத் தடை செய்தது. புனே திரைப்பட ஆவணக் காப்பகத்தில் பிரிண்ட் இருந்ததால் அந்தப் படம் தப்பியது. இவ்வளவு பெரிய நடிகையையே இன்று பல பேர் எம்.எஸ். சுப்புலட்சுமி என்று நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள். எம்.எஸ்.ஸின் முதல் படமான சேவாசதனத்தை எடுத்ததும் கே. சுப்ரமணியம்தான், கேட்க வேண்டுமா? ஒற்றை இனிஷியலில் இத்தனை குழப்பம்.

அதே சுப்புலட்சுமி 1936-ல் வந்த பக்த குசேலாவில் இரண்டு வேஷம் கட்டினார். ஒன்று குசேலர் மனைவி, இன்னொன்று கிருஷ்ணன்! சுந்தராம்பாள் 1935-ல் ஒரு லட்சம் ரூபாய் வாங்கிக்கொண்டு நடித்தது நந்தனார் வேஷத்தில். எம்.எஸ். 1941 சாவித்திரியில் நாரதர். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், உங்கள் பாட்டுப் புத்தகத்தில் பெரியாச்சியைத் தோழி, நாயகி வரிசையில் மட்டும் தேடிவிட்டு மூடி வைக்காதீர்கள். கிருஷ்ணன், நாரதர், முருகன், பாலகன் எதிலும் இருக்கலாம். பாடத் தெரிந்தவர் என்றால் போதும், என்ன வேஷமும் கொடுப்பார்கள்.

புத்தகத்துக்கு அட்டை இல்லை, படப் பெயர் தெரியவில்லை என்கிறீர்கள். பரவாயில்லை. தியேட்டர் வாசலில் அணாக் கணக்கில் விற்ற சாதாரணப் புத்தகம்தான், ஆனால் நமக்கு வேண்டியதெல்லாம் அதில் இருக்கும். முதல் பக்கங்களில் யார் யார் என்ன பாத்திரம் என்ற பட்டியல், பிறகு கதைச் சுருக்கம். அது சரியான இடத்தில் நின்று 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று கழுத்தறுக்கும். அதற்குப் பிறகு பாட்டுகள். ஒவ்வொரு பாட்டின் தலையிலும் ராகம், தாளம், பாடுகிற பாத்திரத்தின் பெயர். பட்டியல் கிழிந்திருந்தாலும் பாத்திரப் பெயர்களையும் ஐந்தாறு பாட்டின் முதலடியையும் எழுதி எடுத்துக்கொண்டால் படத்தைப் பிடித்துவிடலாம். கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்கிறதா பாருங்கள். ஒரே பெயரில் இரண்டு மூன்று படம் உண்டு (நந்தனாரே 1935-ல் ஒன்று, 1942-ல் தண்டபாணி தேசிகர் நடித்து ஒன்று), அதனால் பெயர் கிடைத்த சந்தோஷத்தில் நின்றுவிடாமல் கம்பெனி, வருஷம் இரண்டையும் உறுதி செய்யுங்கள். புத்தகத்தை லேமினேட் செய்கிறேன், செலோடேப் ஒட்டுகிறேன் என்று மட்டும் இறங்காதீர்கள், அதோடு அது போச்சு.

பிளேட் விஷயத்துக்கு வருகிறேன். கழுவாதீர்கள். அது அரக்குக் கலந்து செய்தது, ஸ்பிரிட், சானிடைசர் எது பட்டாலும் கரையும். பஞ்சு போன்ற பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள், அவ்வளவு போதும். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்காமல், வெயில் படாத இடத்தில் நிற்க வைத்தாற்போல் வையுங்கள், கீழே போட்டால் அப்பளம்தான். ஆர்வக்கோளாறில் ஆன்லைனில் விற்கிற பிளேயரில் போட்டுப் பார்த்துவிடாதீர்கள், எல்.பி. ரிக்கார்டின் முள் இதன் பள்ளத்துக்கு ரொம்பப் பொடிசு, சத்தமும் கரகரக்கும், தட்டும் தேயும். நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும் இந்த மாதிரிப் பிளேட்டுக்கென்று தனி முள் வைத்திருக்கும் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கொடுத்துக் கணினியில் ஏற்றச் சொல்லுங்கள், ஒரு பக்கம் மூன்று நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூட ஓடும், அவ்வளவுதான். அதற்கு முன்னால் லேபிளைப் போட்டோ எடுங்கள். அப்புறம் பிளேட்டை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தால் லேபிளுக்கும் கடைசிப் பள்ளத்துக்கும் நடுவே வழவழப்பான இடத்தில் ஒரு நம்பர் தெரியும். அதையும் எழுதி வையுங்கள், ஒலிப்பதிவு எந்தக் காலம் என்று கணிக்க விவரம் தெரிந்தவர்களுக்கு அது உதவும்.

லேபிளில் பெரியாச்சி பெயர் இருந்து, படத்தின் பெயரும் இருந்தால் உங்களுக்கு யோகம். தமிழில் பின்னணிக் குரல் 1938 நந்தகுமார் படத்தில்தான் தொடங்கியது என்பார்கள், அதற்கு முன்னால் நடித்தவர் தானேதான் பாடியாக வேண்டும். பக்கவாத்தியக்காரர்கள் கேமராக் கண்ணில் படாமல் ஒளிந்து உட்கார்ந்து வாசிக்க, இவர் நடித்துக்கொண்டே பாடுவார். நாடகத்தின் பெயர் மட்டும் இருந்தாலும் குறைவில்லை. எந்த டாக்கியிலும் தலைகாட்டாமல் 1933-லேயே போய்ச் சேர்ந்த நாடக மேடைப் பாடகர் செங்கோட்டை கிட்டப்பாவின் குரலை இன்றைக்கும் நாம் கேட்கிறோம் என்றால் பிளேட்டால்தானே.

'1942-க்குப் பிறகு நடிக்கவில்லை, என்ன நடந்ததோ' என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். வீட்டுச் சண்டை, காதல் என்று கற்பனையை ஓட்டுவதற்கு முன் நாட்டு நடப்பைப் பாருங்கள். அந்த வருஷம் ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற பயத்தில் சென்னையே காலியானது, ஸ்டூடியோக்கள் மூடிக் கிடந்தன. ஃபிலிமுக்குத் தட்டுப்பாடு. படம் பதினோராயிரம் அடிக்குள் இருக்க வேண்டும் என்று கட்டுப்பாடு வந்தது, அதாவது இரண்டு மணி நேரம். நாற்பது பாட்டு, தோழிகள் கூட்டம், தனி நகைச்சுவைக் கதை என்று நீட்டி முழக்கிய படம் இரண்டு மணி நேரத்துக்குள் அடங்க வேண்டுமென்றால் முதலில் யார் வேஷம் போகும்? இரண்டாம் வரிசை நடிகைகள் பலருக்கு வேலை நின்றது இப்படித்தான்.

வீட்டார் மௌனத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாடகக்காரி, டாக்கிக்காரி என்றால் வீட்டுக்குப் பெண் எடுக்கவே யோசித்த காலம், கத்தரித்த போட்டோவுக்கும் அதுதான் காரணமாக இருக்கலாம். 'ஏன் மறைத்தீர்கள்' என்று ஆச்சியிடம் நேரடியாகக் கேட்டால் கதவு அடைத்துக்கொள்ளும். பெட்டியை முன்னால் வைத்து, இந்தப் பிளேட்டை யார் வைத்துக் கேட்பார்கள், கல்கத்தாவுக்குப் படம் பிடிக்கப் போனாரா, கூட யார் போனது, ரயிலில் என்ன சாப்பாடு என்று கேளுங்கள். அப்போது நிறைய தமிழ்ப் படங்கள் கல்கத்தாவிலும் பம்பாயிலும் எடுத்தவைதான், வடக்கே போய் மாதக்கணக்கில் தங்கி மோர்க்குழம்புக்கு ஏங்கிய கதை இருந்தால் தானாக வெளியே வரும். போனில் பதிவு செய்வதானால் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

இன்னொரு வழி யாருக்கும் தோன்றாது. பெரியாச்சி பெயரில் வீடோ நிலமோ வாங்கியிருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்தப் பத்திரத்துக்கு நகல் மனுப் போடுங்கள். பழைய பத்திரங்களில் இன்னார் குமாரத்தி, இன்ன ஊர், இன்ன ஜீவனம் என்று எழுதுவார்கள். உண்மைப் பெயரும் மேடைப் பெயரும் வேறாக இருந்தால்கூட அங்கே இரண்டும் ஒன்றாக அகப்படலாம்.

விக்கிப்பீடியாவுக்கு இப்போதே போக வேண்டாம். குடும்பத்தார் சொன்னது அங்கே ஆதாரமாகாது, அச்சில் வந்தது வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்தைத் தூக்கிவிடுவார்கள். போட்டோவையும் புத்தகத்தையும் முன்பக்கம் பின்பக்கம் இரண்டும் 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யுங்கள், போட்டோவின் பின்னால் ஸ்டூடியோ முத்திரை இருந்தால் ஊர் தெரிந்துவிடும். பிறகு சென்னை தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு எழுதுங்கள். கோட்டையூர் முத்தையா சேர்த்து வைத்த பாட்டுப் புத்தகங்கள், நாடக நோட்டீஸ், சினிமாப் பத்திரிகைகள் எல்லாம் அங்கே இருக்கின்றன. 'எங்க பெரியாச்சியைப் பற்றி ஏதாவது இருக்கிறதா' என்று மொட்டையாகக் கேட்காமல், பாத்திரப் பெயர்கள், பாட்டின் முதலடிகள், பிளேட் நம்பர், இனிஷியல் எந்தெந்த விதமாக வரலாம் என்பதை ஒரே தாளில் எழுதி அனுப்புங்கள். மாமாவையும் கூட்டிக்கொண்டு போவதானால் பாகவதர் பேச்சை அங்கே எடுக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லி வையுங்கள்.