போர் முடிந்ததும் பிள்ளைகள் விட்ட இடத்திலிருந்து படிக்கலாமே, அதில் என்ன சிக்கல்?

கல்லூரிக் கட்டுரைக்காகக் கேட்கிறீர்கள் போல. "சண்டை நின்று பள்ளிக்கூடம் திறந்தால் எல்லாம் சரியாகிவிடும்தானே" என்று நீங்கள் எழுதியிருப்பதைப் படித்ததும் சும்மா இருக்க முடியவில்லை. பள்ளிக்கூடம் திறக்கும், சரி. பையன் அதற்குள் வீட்டுக்குச் சம்பாதிக்கிற ஆளாகியிருப்பான்.

நான் மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்காரன். தாத்தா 1933-இல் இங்கே ஒரு கித்தா (ரப்பர்) தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், பிறந்தவர். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் மலாயாவின் (இன்றைய மலேசியாவின்) கோத்தா பாருவில் இறங்கியபோது அவர் இரண்டாம் வகுப்பு. தோட்டத்துப் பள்ளி என்றால் பெரிதாக நினைக்காதீர்கள், ஒரு கொட்டகை, ஒரு வாத்தியார். துரை ஓடிவிட்டார், ரப்பர் பாலை வாங்க ஆளில்லை, வாத்தியாருக்கு யார் சம்பளம் கொடுப்பார்? யாரும் வந்து பள்ளியைப் பூட்டவில்லை, வாத்தியார் வருவது நின்றுபோனது, அவ்வளவுதான். அப்புறம் ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில். தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் நடுவே 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைக் கூட்டம் கூட்டமாக ஏற்றிப் போனார்கள். தாத்தாவின் அப்பாவும் போனார், திரும்பவில்லை. மூத்த பையன் என்பதால் தாத்தா மரவள்ளி நட்டு, தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டார்.

1945-இல் எல்லாம் முடிந்து பள்ளி திறந்தபோது தாத்தாவுக்கு வயது 12. இரண்டாம் வகுப்புப் பொடிசுகளோடு போய் உட்கார வேண்டும். போகவே இல்லை. வெட்கம் பாதி, வீட்டுப் பசி பாதி. ஆத்தாவோடு விடியற்காலைப் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போய் மரம் வெட்டப் பழகிக்கொண்டார், ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுப்பதைத்தான் அப்படிச் சொல்வோம். கொஞ்சம் பெரியவனானதும் இரவு வகுப்புக்காவது போகலாம் என்று நினைத்திருந்தாராம். 1948 ஜூனில் இதே சுங்கை சிப்புட் பக்கம் மூன்று வெள்ளைக்காரத் துரைகளைக் கம்யூனிஸ்ட் போராளிகள் சுட்டுக் கொன்றார்கள், ஆங்கிலேய அரசின் அவசரகாலம் வந்தது, 1960 வரை அது போகவில்லை. முள்கம்பி வேலி, ஊரடங்கு, போகும்போதும் வரும்போதும் சோதனை. இதில் எந்த இரவு வகுப்பு?

சண்டையே இல்லாத காலத்திலும் தோட்டப் பிள்ளைகள் படித்துக் கிழிக்கவில்லையே, எல்லாவற்றுக்கும் ஜப்பான்காரன் மேல் பழி போடுகிறாயா என்று சிலர் வருவீர்கள். பத்துப் பிள்ளைகள் இருந்தாலே தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்று 1923 தொழிலாளர் சட்டம் சொல்லியும் பல இடங்களில் அது பேருக்குத்தான் நடந்தது, மறுக்கவில்லை. ஆனால் தாத்தாவைவிட நாலு வயது மூத்த பக்கத்து வீட்டுக்காரர் அதே கொட்டகையில் படித்தவர்தான். ஜப்பான்காரன் வருவதற்குள் படித்து முடித்திருந்ததால், பிறகு டவுன் மளிகைக்கடையில் கணக்கெழுதப் போனார். அவர் பிள்ளைகள் ஈப்போவில் வீடு வாங்கினார்கள். எங்கள் அப்பாவுக்குப் பாடம் சொல்லித்தர வீட்டில் ஆளில்லை, தொடக்கப் பள்ளிக்கும் இடைநிலைப் பள்ளிக்கும் நடுவே இருக்கும் புகுமுக வகுப்போடு நின்று அவரும் மரம் வெட்டப் போனார்.

நாங்கள் லயத்திலேயே கிடந்தோம்.

இப்போது எங்கள் டவுனில் கார் கழுவுகிற கடையில் மியன்மாரிலிருந்து ஓடிவந்த பையன்கள் நிற்கிறார்கள். 1951 அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா கையெழுத்துப் போடவில்லை. ஐ.நா. கொடுக்கும் அகதி அட்டை இருந்தாலும் அரசுப் பள்ளியில் இடம் கிடையாது, தொண்டு அமைப்புகள் நடத்தும் கற்றல் மையம்தான், அதுவும் பக்கத்தில் இருந்தால். நம் பிள்ளைகளுக்கே வழியில்லை, இவர்களுக்கு என்ன என்று கேட்பவர்களிடம் எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை. நாளைக்கே அங்கே சண்டை நின்று இவர்கள் ஊர் திரும்பினாலும் 14 வயதுப் பையனை எந்த வகுப்பில் உட்கார வைப்பார்கள்? வயது தாண்டியவர்களுக்குத் தனி வகுப்பு, சுருக்கின பாடம், அவன் கொண்டுவரும் கூலிக்கு ஈடாக வீட்டுக்குக் கொஞ்சம் பணம். உங்கள் கட்டுரையில் இந்த மூன்றையும் எழுதுங்கள், கட்டடம் கட்டுவதைப் பற்றி அப்புறம் எழுதிக்கொள்ளலாம்.