முழங்கால் குளிசையும் வயிற்றெரிவும்: அதிமதுரம் குடிக்கலாமா?

கேள்வி: எனக்கு 52 வயது. உரும்பிராயில் இருக்கிறேன். முழங்கால் நோவுக்கு மருந்துக்கடையில் டைக்ளோபெனக் குளிசை வாங்கிப் பல மாதமாகப் போடுகிறேன். இப்போது மேல்வயிறு எரிகிறது; சாமத்தில் நோவோடு எழும்புகிறேன். அல்சர்தான் என்று மாமி இரண்டு நேரமும் அதிமதுரக் குடிநீர் வைத்துத் தருகிறா. பிறசருக்கும் மருந்து எடுக்கிறேன். வயிறு புண்ணாகாமல் இருக்க இன்னும் என்ன மூலிகை சேர்க்கலாம்?

பதில்: சகோதரி, சேர்ப்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் அதிமதுரக் குடிநீரை இன்றோடு நிறுத்துங்கள். மாமியில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. குன்மத்துக்கு, அதாவது வயிற்றெரிவு, வயிற்றுப்புண் போன்ற நோய்க்கு, அதிமதுரம் எங்கள் சித்த வைத்தியத்தின் பழைய மருந்துதான். ஆனால் பிறசர் உள்ளவருக்கு அது ஆகாது.

1940களில் நெதர்லாந்தில் அதிமதுரச் சாறு குடித்த வயிற்றுப்புண் நோயாளருக்கு நல்ல சுகம் கண்டது; கூடவே சிலருக்கு உடம்பு வீங்கியது. 1960களில் இங்கிலாந்தில் அதிமதுரத்தின் சத்திலிருந்து கார்பெனொக்சலோன் என்ற மருந்தையே செய்து அல்சருக்குக் கொடுத்தார்கள். புண் ஆறியது. ஆனால் உடம்பில் உப்பும் நீரும் தங்கிப் பிறசர் ஏறியது, இரத்தத்தில் பொட்டாசியம் இறங்கியது. பாதுகாப்பான வேறு மருந்துகள் வந்ததும் அதைக் கைவிட்டார்கள். கடையில் நாங்கள் வாங்கும் வேரிலும் அந்தச் சத்து அப்படியே இருக்கிறது. உங்கள் பிறசர் மருந்தில் சிறுநீர் போக்கும் குளிசையும் இருந்தால் பொட்டாசியம் இன்னும் இறங்கும். அளவு மீறினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

அடுத்தது டைக்ளோபெனக். இரைப்பையின் உட்சுவரை அமிலத்திலிருந்து காப்பது அதன்மேல் படிந்திருக்கும் சளிப்படலம். அதைச் சுரக்கவைப்பது உடம்பிலேயே உண்டாகும் புரோஸ்டகிளாண்டின் என்ற பொருள். நோவை உண்டாக்குவதிலும் அதற்குப் பங்குண்டு. டைக்ளோபெனக் அதைத் தடுத்துத்தான் நோவைக் குறைக்கிறது. அதே நேரம் வயிற்றின் காவலும் போய்விடுகிறது. இது இரத்தம் வழியாக நடக்கும் காரியம். சாப்பிட்ட பிறகு போட்டாலும், ஊசியாக ஏற்றினாலும் ஆபத்து நீங்காது. இந்தக் குளிசையைத் தொடர்ந்துகொண்டு மூலிகை தேடுவது, ஒரு பக்கத்தால் வேலிக் கதியாலைப் பிடுங்கிக்கொண்டு மறு பக்கத்தால் கிடுகு கட்டுகிற வேலை. போதாததற்கு அது பிறசரையும் ஏற்றும், சிறுநீரகத்தையும் வருத்தும். உங்கள் வைத்தியரிடம் பனடோல், மேலே பூசும் ஜெல், தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சி பற்றிக் கேளுங்கள். நொச்சியிலை ஒத்தடமும் இதமாக இருக்கும். இதயத்துக்காக வைத்தியர் எழுதித் தந்த அஸ்பிரினை மட்டும் யாரும் தாங்களாக நிறுத்தக்கூடாது.

எங்கள் ஊரில் வயிற்றெரிவு என்றதும் மிளகாய்த்தூளிலும் விரதத்திலும் பழியைப் போடுவோம். எரிவு உள்ள வயிற்றை உறைப்பு கூட எரிக்கும் என்பது உண்மை. ஆனால் அல்சரின் பெரிய காரணங்கள் இரண்டு: இப்படியான நோமருந்துகள், மற்றது ஹெலிக்கோபக்டர் பைலோரி என்ற கிருமி. 1982இல் அவுஸ்திரேலியாவில் பரி மார்ஷலும் ரொபின் வொறனும் அதை வளர்த்துக் காட்டினார்கள். 2005இல் நோபல் பரிசும் கிடைத்தது. இந்தக் கிருமியை முழுதாக ஒழிக்கும் என்று நிறுவப்பட்ட மூலிகை எதுவும் இல்லை. சித்த வைத்தியனாக இருந்தும் இதை நான் அழுத்திச் சொல்கிறேன். அதற்கு அன்ரிபயோற்றிக்கும் அமிலம் குறைக்கும் குளிசையும் சேர்த்து வழக்கமாக 14 நாள் எடுக்கவேண்டும். கிருமி இருக்கிறதா என்று மலத்தில் அல்லது மூச்சில் சோதிக்கலாம். சோதனைக்கு முன் இரண்டு கிழமை ஒமெப்பிரசோல் என்ற அமிலம் குறைக்கும் குளிசை போட்டிருக்கக்கூடாது, போட்டால் கிருமி இருந்தும் இல்லையென்று காட்டக்கூடும்.

மலம் தார் மாதிரிக் கறுத்துப் போனாலோ, வாந்தியில் இரத்தமோ கோப்பித்தூள் போன்ற துகளோ தெரிந்தாலோ, தலைசுற்றி வியர்த்தாலோ ஒரு குடிநீரும் வைக்காதீர்கள். நேரே பெரியாஸ்பத்திரி. இரும்புச்சத்துக் குளிசையாலும் மலம் கறுக்கும்தான், ஆனால் அதை வீட்டில் இருந்து தீர்மானிக்க வேண்டாம்.

இனி மூலிகை. உங்களுக்கு நான் சொல்வது சாப்பாட்டோடு போகிறவைதான். மணத்தக்காளி இலையைத் தேங்காய்ப்பால் விட்டுச் சொதியாக வையுங்கள், பச்சைமிளகாயும் புளியும் வேண்டாம். பழுக்காத பச்சைக் காயைப் பச்சையாகத் தின்னக்கூடாது. வல்லாரை, எலிகளில் செய்த ஆய்வுகளில் இரைப்பைப் புண்ணை ஆற்றியிருக்கிறது; மனிதரில் அவ்வளவு உறுதி இல்லை. சம்பலாகக் கிழமையில் சில நாள் தின்பது நல்லது. தூளாகவும் குளிசையாகவும் மாதக்கணக்கில் விழுங்கிய சிலருக்கு ஈரல் பழுதுபட்டிருப்பதால் அதை நான் ஊக்குவிப்பதில்லை. ஒரு தேக்கரண்டி வெந்தயத்தை இரவு ஊறவைத்துக் காலையில் வழுவழுப்போடு உண்ணலாம். மற்றக் குளிசைகளுக்கும் அதற்கும் இரண்டு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கள். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவருக்கு வெந்தயம் சீனியை மேலும் குறைக்கும். இரவில் பசித்த வயிற்றோடு படுக்காமல் புழுங்கலரிசிக் கஞ்சி குடியுங்கள். பால் குடித்தால் எரிவு அடங்கும், ஆனால் சற்றுப் பொறுத்து அமிலம் கூடச் சுரக்கும். அதை மருந்தாக நம்பவேண்டாம்.

சித்த மருந்தே வேண்டுமென்றால் கைதடி சித்த போதனா வைத்தியசாலையில் காட்டுங்கள். எங்கே போனாலும் நீங்கள் போடும் எல்லாக் குளிசை அட்டைகளையும் கொண்டுபோங்கள். அதிமதுரம் எவ்வளவு காலம் குடித்தீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லி, பிறசரோடு இரத்தத்தில் பொட்டாசியத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.