அப்பப்பாவின் குதிரை வீரன் ஓவியம் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டில், குதிரைமேல் அமர்ந்த இராணுவ அதிகாரியின் பழைய எண்ணெய் ஓவியம் இருக்கிறது. 1957இல் பிரித்தானியக் கடற்படை தளத்தைக் கையளித்தபோது, டொக்யாட்டில் வேலை செய்த அப்பப்பாவுக்கு ஓர் அதிகாரி கொடுத்தாராம். எழுத்தில் எதுவும் இல்லை. பின்பக்கத்தில் வின்சர் அன்ட் நியூட்டன் என்ற ஓவியப் பொருள் நிறுவனத்தின் முத்திரை உண்டு. அப்பப்பா, அப்பம்மா, பிறகு அப்பா, மூவரும் மரணசாசனம் எழுதாமலே காலமாகிவிட்டார்கள். அப்பாவின் ஒரே சகோதரியான மாமி பங்கு கேட்கிறார். தரகர் ஒருவரோ, அப்பப்பா ஏலத்தில் வாங்கினார் என்று சத்தியக்கடதாசி முடித்துத் தந்தால் வெளிநாட்டில் விற்றுத் தருவதாகச் சொல்கிறார். செய்யலாமா? நான் ஒரே பிள்ளை, அம்மா இருக்கிறார்.

பதில்: அந்தக் கடதாசியில் தயவுசெய்து கையொப்பம் வைக்காதீர்கள். பொய் என்று தெரிந்தே சத்தியம் செய்வது குற்றம். அது உங்களுக்குத் தேவையும் இல்லை. அசையும் பொருளை நன்கொடையாகக் கொடுக்க நொத்தாரிசு உறுதி வேண்டாம். கொடுத்தவர் கையளித்து, பெற்றவர் ஏற்றுக்கொண்டால் போதும். மேலும், 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம், 110ஆம் பிரிவு: பொருளைக் கையில் வைத்திருப்பவர் சொந்தக்காரர் அல்ல என்பவரே அதை நிரூபிக்க வேண்டும்.

பலவீனமான இடம் வேறு. படம் அந்த அதிகாரியின் சொந்தமா, கடற்படையின் உடைமையா? தனக்கு இல்லாத உரிமையை யாரும் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. அதனால் பின்பக்கச் சீட்டு, இலக்கம், கையெழுத்து எல்லாவற்றையும் துடைக்காமல் படம் பிடியுங்கள். சட்டகத்தை மாற்றவே வேண்டாம். உங்களிடம் இருக்கும் ஒரே உறுதி அந்தப் பின்பக்கம்தான்.

மாமி கேட்பது நியாயம். ஒரு பங்காளி வைத்திருப்பது எல்லாப் பங்காளிகளுக்காகவும்தான். 110ஆம் பிரிவை அவருக்கு எதிராகக் காட்ட முடியாது. 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி வாழ்க்கைத் துணைக்குப் பாதி, மீதி பிள்ளைகளுக்கு. கணக்குப் பார்த்தால் மாமிக்கு அரைப் பங்கு, அம்மாவுக்குக் கால், உங்களுக்குக் கால். அப்பப்பா யாழ்ப்பாணத்தவர் என்றால் தேசவழமை என்ற யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டம் வரும், கணக்கு மாறலாம், சொல்லுங்கள். இப்போதைக்கு உங்கள் கால் பங்கை மட்டுமே நீங்கள் தனித்து விற்கலாம்.

வெளிநாட்டு விடயம்: சட்டப்படி 1815 மார்ச் 2க்கு முற்பட்டதே தொல்பொருள். வின்சர் அன்ட் நியூட்டன் லண்டனில் தொடங்கியது 1832இல், ஆகவே முத்திரை உண்மையானால் இந்த ஓவியத் துணி அதற்குப் பிந்தியது. ஆனாலும் 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கப் பண்பாட்டு ஆதனச் சட்டம் இருக்கிறது. தொல்பொருளியல் திணைக்களத்தில் விசாரித்து, உரிமம் எடுக்காமல் படத்தை நாட்டுக்கு வெளியே அனுப்ப வேண்டாம்.

தரகரிடம் போகுமுன் மாமியிடம் போங்கள். 1957இல் நடந்தது அவருக்கு நினைவிருந்தால், அவர் சொல்வதை அப்படியே எழுதி, அவருடைய சத்தியக்கடதாசியாக முடித்து வையுங்கள்.