பழைய பிஎல்சி, புது லேப்டாப்: சீரியல் கேபிள் சந்தேகங்கள்

பழைய பிஎல்சி-யை (மெஷினை இயக்கும் தொழிற்சாலைக் கன்ட்ரோலர்) லேப்டாப்போடு சீரியல் கேபிளில் இணைப்பது பற்றி வந்திருக்கும் கேள்விகள் எல்லாம் சுற்றிச் சுற்றி ‘கனெக்ட் ஆகவில்லை’ என்பதில்தான் வந்து நிற்கின்றன. மென்பொருளைத் திரும்பத் திரும்ப நிறுவிப் பார்த்துக் களைத்த பிறகுதான் பலரும் கேபிள் பக்கம் திரும்புகிறார்கள். நான் அடியிலிருந்து மேலே போகச் சொல்வேன். முதலில் பின், பிறகு வோல்ட், அப்புறம் பாட் ரேட் (தகவல் போகும் வேகம்), கடைசியில் மென்பொருள்.

கேள்வி: கன்ட்ரோலரில் 9 பின் போர்ட் இருக்கிறது. யூஎஸ்பி-சீரியல் கன்வர்ட்டரும் ஒரு 9 பின் கேபிளும் வாங்கிச் செருகினேன். கன்வர்ட்டரில் டிஎக்ஸ் (அனுப்பும்) விளக்கு மினுக்குகிறது, ஆர்எக்ஸ் (பெறும்) விளக்கு மினுக்கவே இல்லை. கேபிள் நேரா, கிராஸா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கொஞ்சம் பொறுங்கள். அந்த 9 பின் சாக்கெட் ஆர்எஸ்-232 (சாதாரண சீரியல் போர்ட்டின் மின் முறை) தானா? சீமென்ஸ் எஸ்7-200, எஸ்7-300 இரண்டிலும் அதே வடிவ சாக்கெட்தான், ஆனால் உள்ளே ஓடுவது ஆர்எஸ்-485 என்ற வேறு மின் முறை. தகவல் வருவது 3, 8 பின்களில். 7-ஆம் பின்னில் 24 வோல்ட் நிற்கிறது. சாதாரண நேர் கேபிளைச் செருகினால் அந்த 24 வோல்ட் கன்வர்ட்டரின் ஆர்டிஎஸ் பின்னுக்குப் போய்விடும். இந்த வகைக்கு அதற்கென உள்ள பிபிஐ அல்லது எம்பிஐ அடாப்டர்தான் வேண்டும். எனவே சாக்கெட்டின் வடிவத்தை நம்பாதீர்கள், மாடல் எண்ணை வைத்துக் கையேட்டில் பின் அமைப்பைப் பாருங்கள்.

ஆர்எஸ்-232 என்று உறுதியானால் மீதியை மல்டிமீட்டர் சொல்லிவிடும். கேபிளைக் கழற்றிவிட்டு, கன்ட்ரோலருக்குச் சப்ளை இருக்கும்போதே, மீட்டரை டிசி-யில் வைத்துக் கறுப்பு முனையை 5-ஆம் பின்னில் தொடுங்கள். சிவப்பு முனையை முதலில் 2-லும் பிறகு 3-லும் வையுங்கள். எதுவும் அனுப்பாமல் சும்மா இருக்கும்போது, அனுப்பும் பின்னில் மைனஸ் 5 முதல் மைனஸ் 12 வோல்ட் வரை காட்டும். பெறும் பின்னில் சுழிக்குப் பக்கத்தில் நிற்கும். பக்கத்துப் பின்னோடு ஷார்ட் ஆகாமல் முனையைக் கவனமாகப் பிடியுங்கள்.

இதையே கன்வர்ட்டர் பக்கமும் செய்யுங்கள். அங்கே 3-ஆம் பின்தான் மைனஸ் காட்ட வேண்டும். சில கன்வர்ட்டர்கள் போர்ட் திறக்காதவரை தூங்கும், அதனால் ஒரு டெர்மினல் மென்பொருளில் போர்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அளந்து பாருங்கள். இரண்டு பக்கமும் 3-லேயே மைனஸ் வந்தால் 2, 3 கம்பிகள் குறுக்கே மாறிய கிராஸ் கேபிள், அதாவது நல் மோடம் கேபிள் வேண்டும். ஆலன்-பிராட்லி எஸ்எல்சி 5/03 இந்த வகை. கன்ட்ரோலரில் 2-இல் மைனஸ் வந்தால் நேர் கேபிள் போதும்.

கேபிள் சரியாக இருந்தும் மௌனம் என்றால் ஹேண்ட்ஷேக் (அனுப்பலாமா என்று கேட்டு அனுமதி பெறும் சிக்னல்கள்) பக்கம் சந்தேகப்படுங்கள். சில கன்ட்ரோலர்கள் சிடிஎஸ் (அனுப்ப அனுமதி) கிடைக்காமல் வாய் திறக்காது. கன்ட்ரோலர் பக்கக் கனெக்டரில் 7-ஐயும் 8-ஐயும் இணைத்துவிட்டால் அது சமாதானமாகிவிடும்.

கன்வர்ட்டரே செத்துவிட்டதோ என்ற சந்தேகம் இருந்தால், அதை மட்டும் தனியாக எடுத்து 2-ஐயும் 3-ஐயும் ஒரு கம்பியால் ஷார்ட் செய்யுங்கள். பட்டி, டெராடெர்ம் போன்ற டெர்மினல் மென்பொருள் ஒன்றில் ஃப்ளோ கன்ட்ரோலை நிறுத்திவிட்டு எழுத்துகளைத் தட்டுங்கள். தட்டியது திரையில் வந்தால் கன்வர்ட்டரும் டிரைவரும் நன்றாகவே இருக்கின்றன. கம்பியை எடுத்ததும் எழுத்து நிற்க வேண்டும். நிற்காவிட்டால் லோக்கல் எக்கோ (தட்டியதை மென்பொருளே திரையில் காட்டுவது) உங்களை ஏமாற்றுகிறது.

கேள்வி: எங்களிடம் மிட்சுபிஷி எஃப்எக்ஸ் ஒன்றும் ஆலன்-பிராட்லி மைக்ரோலாஜிக்ஸ் ஒன்றும் இருக்கின்றன. இரண்டிலும் வட்டமான 8 பின் சாக்கெட். ஒரே கேபிள் போதும்தானே?

போதாது, சார். மாற்றிச் செருகவும் வேண்டாம். எஃப்எக்ஸில் இருப்பது ஆர்எஸ்-422, மைக்ரோலாஜிக்ஸில் ஆர்எஸ்-232. பின் வரிசையும் வேறு. மைக்ரோலாஜிக்ஸ் 1200-இல் 1-ஆம் பின்னில் 24 வோல்ட் இருக்கிறது. முதலாவதற்கு எஸ்சி-09 வகைக் கேபிள், இரண்டாவதற்கு 1761-சிபிஎல்-பிஎம்02. இரண்டின் இரு முனையிலும் பெயர் எழுதி ஒட்டி வையுங்கள்.

கேள்வி: விண்டோஸ் காம் 14 என்று எண் கொடுத்திருக்கிறது. மென்பொருளில் காம் 1 முதல் 4 வரைதான் தேர்வு செய்ய முடிகிறது.

டிவைஸ் மேனேஜரில் அந்தப் போர்ட்டின் ப்ராப்பர்ட்டீஸ், போர்ட் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு என்று உள்ளே போனால் எண்ணை மாற்றலாம். ‘பயன்பாட்டில் உள்ளது’ என்று காட்டும் எண்கள் பெரும்பாலும் எப்போதோ செருகிய பழைய கன்வர்ட்டர்களின் மிச்சம். வேறு கருவி எதுவும் இப்போது இணைக்கப்படவில்லை என்றால் துணிந்து எடுத்துக்கொள்ளுங்கள். அதே அட்வான்ஸ்டு பக்கத்தில் எஃப்டிடிஐ சிப் உள்ள கன்வர்ட்டர்களுக்கு லேட்டன்சி டைமர் (வந்த தகவலை அனுப்பாமல் காத்திருக்கும் நேரம்) 16 மில்லி செகண்ட் என்று இருக்கும். இணைப்பு வந்து வந்து போகிறது, டைம்அவுட் ஆகிறது என்றால் அதை 1-க்குக் குறைத்துப் பாருங்கள்.

கேள்வி: பாட் ரேட், பாரிட்டி (பிழை சோதிக்கும் பிட்) எதுவுமே தெரியாது. மெஷினை நிறுவியவர்கள் தொடர்பில் இல்லை.

தொழிற்சாலை இயல்பு அமைப்பிலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலும் யாரும் அதை மாற்றியிருக்க மாட்டார்கள். எஃப்எக்ஸ் என்றால் 9600 பாட், 7 பிட், ஈவன் பாரிட்டி, 1 ஸ்டாப் பிட். ஆம்ரான் ஹோஸ்ட் லிங்க் 9600, 7, ஈவன், 2. சீமென்ஸ் எஸ்7-200 பிபிஐ 9600, 8, ஈவன், 1. மைக்ரோலாஜிக்ஸ் 1200 என்றால் 19200, 8, பாரிட்டி இல்லை, 1. ஆலன்-பிராட்லியின் டிஎஃப்1 என்ற சீரியல் முறைக்கு, ஆர்எஸ்லிங்க்ஸ் என்ற அதன் இணைப்பு மென்பொருளில் ‘ஆட்டோ கான்ஃபிகர்’ பொத்தான் உண்டு, அதுவே தேடிக் கண்டுபிடித்துவிடும்.

கேள்வி: ஒருவழியாக ஆன்லைன் வந்துவிட்டேன். மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. புரோகிராமைப் பேக்கப் எடுக்க டவுன்லோடு கொடுக்கலாமா?

கையை மௌஸிலிருந்து எடுங்கள்! பிஎல்சி உலகில் டவுன்லோடு என்றால் லேப்டாப்பிலிருந்து கன்ட்ரோலருக்கு எழுதுவது. நீங்கள் கேட்பது அப்லோடு. காலிப் புராஜெக்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு டவுன்லோடு கொடுத்தால் பல வருடமாக ஓடிய லேடர் (பிஎல்சி புரோகிராம்) அழிந்துவிடும், மெஷினும் நிற்கும். மிட்சுபிஷி, மாடிகான் மென்பொருள்கள் சிலவற்றில் இதே வேலைக்கு ‘ரீட் ஃப்ரம் பிஎல்சி’, ‘ட்ரான்ஸ்ஃபர்’ என்றெல்லாம் பெயர் மாறும். ஓகே தட்டுவதற்கு முன் அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாருங்கள்.

அப்லோடு முடிந்ததும் ஒரு ஏமாற்றம் காத்திருக்கும். பழைய கன்ட்ரோலர்கள் பலவற்றில் கமென்ட்களும் சிம்பல் பெயர்களும் உள்ளே சேமிக்கப்படுவதில்லை. வெறும் முகவரிகளோடு லேடர் மட்டும் வரும். அதுவும் பொன்தான். டைமர், கவுன்ட்டர், டேட்டா ரெஜிஸ்டர் மதிப்புகளையும் சேர்த்து எடுங்கள், மெஷினின் செட்டிங் முழுக்க அங்கேதான் இருக்கும்.

இதையெல்லாம் பேட்டரி விளக்கு எரிவதற்கு முன்பே செய்யுங்கள். ரேம் நினைவகம் கொண்ட கன்ட்ரோலரில் பேட்டரி தீர்ந்த நிலையில் சப்ளை போனால் புரோகிராமும் போய்விடும். விளக்கு ஏற்கெனவே எரிகிறதா? பேனலை அணைக்காதீர்கள். முதலில் அப்லோடு, அடுத்து கையேட்டில் சொன்னபடி பேட்டரி மாற்றம்.

கேள்வி: சார்ஜரோடு லேப்டாப்பை இணைத்தபோது கேபிள் முனையில் சின்னப் பொறி தெரிந்தது. அதிலிருந்து அந்த யூஎஸ்பி போர்ட் வேலை செய்யவில்லை. கேபிள் மட்டமானதா?

கேபிளைக் குற்றம் சொல்லும் முன் எர்த்தைப் பாருங்கள். ஆர்எஸ்-232-இன் 5-ஆம் பின் இரண்டு கருவிகளின் கிரவுண்டையும் நேரடியாகச் சேர்க்கிறது. லேப்டாப் கிரவுண்ட் சார்ஜர் வழியாக ஓர் எர்த்துக்குப் போகிறது, கன்ட்ரோலர் பேனலின் எர்த் வழியாக இன்னொன்றுக்கு. இரண்டுக்கும் நடுவே வோல்ட் வித்தியாசம் இருந்தால் மெல்லிய கேபிள் வழியே மின்னோட்டம் பாயும். எர்த் பின் இல்லாத சார்ஜரிலும் லேப்டாப் உடல் கொஞ்சம் வோல்ட்டில் மிதக்கும், செருகும் நொடியில் அது பொறியாக இறங்கும்.

இதற்கு மலிவான மருந்து, சார்ஜரைக் கழற்றி லேப்டாப் பேட்டரியிலேயே வேலை பார்ப்பது. நிரந்தர மருந்து, இரண்டு பக்கக் கிரவுண்டையும் சேரவிடாமல் பிரித்து வைக்கும் ஐசொலேட்டட் கன்வர்ட்டர். விலை கூடத்தான், ஆனால் கேபிள் பையில் ஒரே ஒரு நல்ல பொருள் வாங்க முடியும் என்றால் நான் அதைத்தான் வாங்கச் சொல்வேன். பெரிய மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போதெல்லாம் இணைப்பு அறுந்தால் அதற்கும் இது உதவும். கேபிளையும் 15 மீட்டருக்குள் வையுங்கள், மோட்டார் டிரைவின் பவர் கேபிளோடு சேர்த்து ஓட்டாதீர்கள்.

கேள்வி: சீமென்ஸ் எஸ்5-க்கான மென்பொருள் டாஸ் காலத்தது. விண்டோஸ் 11-இல் ஓடுமா?

நேரடியாக ஓடாது. 64 பிட் விண்டோஸ் 16 பிட் புரோகிராம்களை ஏற்பதில்லை. டாஸ் சூழலைப் போலியாக உருவாக்கும் டாஸ்பாக்ஸ் நிஜ சீரியல் போர்ட்டை உள்ளே கடத்தும், விர்ச்சுவல் மெஷினிலும் முயலலாம். ஆனால் டாஸ் மென்பொருள்கள் போர்ட் ஹார்டுவேரை நேரடியாகத் தொடுபவை. கன்வர்ட்டர் வழியே போகும்போது நேரக்கணக்கு பிசகி அவ்வப்போது அறுந்துபோகும். எஸ்5-இன் போர்ட் வோல்ட்டுக்குப் பதில் மின்னோட்டத்தால் பேசும் 20 மில்லிஆம்ப் கரன்ட் லூப், ஆர்எஸ்-232 அல்ல என்பதால் அதற்குரிய அடாப்டரும் தேவை. நிஜ காம் போர்ட் உள்ள பழைய லேப்டாப் ஒன்று அலமாரியில் கிடந்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள். இன்றே அதன் ஹார்டு டிஸ்க்கை அப்படியே நகலெடுத்து வையுங்கள்.